கடைக்கண்டத்துக்குத் தண்ணீர் வருமா?

கேள்வி: ஐயா, குளத்தின் கடைசி வாய்க்காலில் மூன்று ஏக்கர் செய்கிறேன். சிறுபோகத்தில் தண்ணீர் எங்கள் பக்கம் வருவதற்குள் பயிர் வாடிவிடுகிறது. மேற்காணிக்காரர் இரவில் மதகைத் திறந்துவிடுகிறார்கள். கமக்காரர் அமைப்பு இருக்கிறது, கூட்டமும் நடக்கிறது. போய் என்ன கண்டோம்?
— மட்டக்களப்பு மாவட்ட வாசகர்

பதில்: தம்பி, கூட்டத்துக்குப் போவதை விட்டுவிடாதீர்கள். ஆனால் கூட்டத்தில் இருந்து தொடங்காதீர்கள். வாய்க்காலில் இருந்து தொடங்குங்கள். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் நடந்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நம்மவர் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் அதே ஆறுதான். இங்கினியாகலையில் அணை கட்டிச் சேனாநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கினார்கள். இடதுகரையில் மேல்பக்கம் பெரும்பாலும் குடியேற்றப்பட்ட சிங்கள விவசாயிகள், கீழே தமிழ் பேசும் விவசாயிகள். 1956 இனக்கலவரத்தில் இரத்தம் சிந்திய மண் அது. எழுபதுகளின் கடைசியில் அங்கே வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து கிடந்தன. கடைப்பகுதிக்குத் தண்ணீர் எட்டுவதே அரிது. விவசாயிக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. விவசாயிக்கும் விவசாயிக்கும் அதைவிட மோசம். 1981இல் சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது.

அந்த நேரத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பட்டதாரி இளைஞர்களை அமைப்பாளர்களாக அனுப்பின. அவர்கள் விவசாயிகளோடு அங்கேயே தங்கினார்கள். போனவுடன் சங்கம் பதியவில்லை, தலைவர் செயலாளர் என்று பெயர் எழுதவும் இல்லை. வீடு வீடாகப் போய் "உங்கள் வாய்க்காலில் என்ன குறை?" என்று கேட்டார்கள். ஒரு வயல் வாய்க்காலில் பத்து, இருபது பேர்தான் தண்ணீர் எடுப்பார்கள். அந்தப் பத்து, இருபது பேரும் சேர்ந்து முதலில் வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்கினார்கள், பிறகு முறைவைத்துப் பாய்ச்சினார்கள், மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். தண்ணீர் தாராளமாக இருந்த வருடத்தில் இல்லை, கால்வாசி குளத்தை வைத்துக்கொண்டு! எல்லாரும் சம்மதித்துப் பிரதிநிதியைத் தெரிவுசெய்தது அதற்கு அப்புறம்தான், அதுவும் வாக்கெடுப்பு இல்லாமல். வயல் வாய்க்காலில் இருந்து கிளை வாய்க்கால், பிரதேசம் என்று படிப்படியாக மேலே போய், கடைசியில் அதிகாரிகளோடு ஒரே மேசையில் இருந்தார்கள்.

குடியேற்றம் தந்த காயம் இதனால் ஆறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு கணக்கு. ஆனால் 1997 சிறுபோகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். இருக்கும் தண்ணீர் நெற்காணியில் 15 சதவீதத்துக்குத்தான் போதும் என்று பொறியியலாளர்கள் கணக்குச் சொன்னார்கள். விவசாயிகள் அதை ஏற்கவில்லை. 65,000 ஏக்கரிலும் விதைத்து, சொட்டுச் சொட்டாகப் பங்கிட்டு, வழக்கமான விளைச்சலுக்குக் குறையாமல் அறுத்தார்கள். கடைக்காணிக்காரனுக்கும் பங்கு கிடைத்தது. பதினாறு வருடம் ஒரே வாய்க்காலில் முறை பார்த்துப் பழகியவர்களால்தான் அப்படித் துணிய முடியும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மேற்காணிக்காரர் ஏன் இரவில் திறக்கிறார்? பேராசை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் வாய்க்கால் கரையில் வேலை பார்த்த காலத்தில் கண்டது, முக்கால்வாசிப் பேருக்குப் பயம்தான். அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவன் இன்றைக்கே வரம்பு முட்டக் கட்டிவைப்பான். நிறையத் தண்ணீர் நின்றால் களையும் குறையும், கூலியும் மிச்சம். நாளும் நேரமும் உறுதியாகத் தெரிந்தால், பயத்தில் திறக்கிறவன் அடங்கிவிடுவான். மற்றக் கால்வாசிப் பேருக்குத்தான் தண்ணீர்ப் பங்கீட்டை மேற்பார்க்கும் வட்டைவிதானை தேவை.

ஆகவே தண்ணீர் திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, முதல் காணிக்காரரையும் கூட்டிக்கொண்டு மதகில் இருந்து உங்கள் கடைக்கண்டம் வரை நடந்து போங்கள். தனியாகப் போகாதீர்கள், அவர் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கே நண்டுவளையால் கரை கசிகிறது, எங்கே சம்புப்புல் அடைத்திருக்கிறது, எங்கே வைக்கோலும் மண்மூட்டையும் போட்டு மறித்திருக்கிறார்கள் என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். உங்களுக்கு வராத தண்ணீரில் ஒரு பங்கு மேற்காணிக்குப் போகவில்லை, வழியிலேயே போயிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து வெட்டுங்கள். வெட்டிய கையோடு கரையில் இருந்தே முறையைப் பேசி முடியுங்கள், முடிந்தால் கடைக்காணியில் இருந்து தொடங்கும் முறையாக. இதைச் செய்துவிட்டுக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு ஒரு வாய்க்காலாகப் போங்கள். தனி ஆளின் முறைப்பாட்டை ஒதுக்கிவிடலாம், பதினைந்து பேர் ஒரே குரலில் கேட்பதை ஒதுக்க முடியாது.

முதல் போகத்திலேயே எல்லாம் சரியாகிவிடாது. இரண்டாவது முறையில் யாராவது ஒருவர் மீறுவார். அன்றைக்குச் சண்டைக்குப் போகாமல், மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அவர் மதகடிக்குப் போங்கள்.

கேள்வி: போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் எடுக்கும் விதைப்புத் திகதியைச் சிலர் மதிப்பதில்லை. அது வெறும் பேச்சுத்தானா?

பதில்: இல்லை. அந்தக் கூட்டம் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடப்பது. அங்கே எடுத்த முடிவு கூட்டத்துக்கு வராதவரையும் கட்டும். ஒருவர் இரண்டு வாரம் பிந்தி விதைத்தால், அவருடைய கதிருக்காக மட்டும் இரண்டு வாரம் கூடுதலாகக் குளம் திறந்திருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் விதைப்புத் திகதியை எழுதும்போதே கடைசித் தண்ணீர்த் திகதியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், எழுதியதை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.