ஒரே அட்டவணை, இரண்டு விளையாட்டு

வணக்கம் ஐயா. கோலாலம்பூர் செந்தூலில் பகுதி நேரப் பயிற்றுநராக இருக்கிறேன். 16 வயது 400 மீட்டர் ஓட்டக்காரி ஒருத்தி, 17 வயதுக்குட்பட்ட காற்பந்துக் குழு ஒன்று, இரண்டும் என் பொறுப்பு. இணையத்தில் கிடைத்த ஓராண்டுத் திட்டத்தை (ஆயத்தம், போட்டி, போட்டிக்குப் பிந்தைய இடைமாற்றம் என்று மூன்று கட்டம்) இரு தரப்புக்கும் அப்படியே போட்டேன். டிசம்பரிலிருந்து செவ்வாயும் வியாழனும் அவளை 300 மீட்டர் நான்கு முறை முழு வேகத்தில் ஓடவிட்டேன். பிப்ரவரியில் 400 மீட்டரை 60.8 விநாடியில் ஓடினாள். ஏப்ரலில், முக்கியமான பள்ளிப் போட்டியில், 63.1. அதற்கு முந்தைய இரண்டு வாரம் ஓய்வாக இருக்கட்டும் என்று மெதுவோட்டம் மட்டும்தான் கொடுத்தேன். பையன்களை மூன்று மாதம் நன்றாகத் தயார் செய்தோம். லீக் தொடங்கிப் பத்தாவது வாரத்தில் நான்கு பேர் தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். தவறு எங்கே? சீசன் முடிந்தபின் எத்தனை வாரம் ஓய்வு கொடுப்பது?

வாசகர், செந்தூல்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எடுத்த மூன்று கட்டத் திட்டம் சோவியத் பயிற்சி அறிஞர் மத்வேயெவ் 1960களில் ஒழுங்குபடுத்திய முறையின் வழி வந்தது. ஆண்டில் ஒன்றிரண்டு பெரிய போட்டிகளுக்கு மட்டும் உச்சத்துக்கு வரவேண்டியவர்களை மனத்தில் வைத்து எழுந்தது அது. உங்கள் ஓட்டக்காரிக்கு ஓரளவு பொருந்தும். ஞாயிறுதோறும் ஆட்டம் இருக்கும் குழுவுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓட்டக்காரிக்குப் போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். குழுவுக்கு ஆட்டத்திலிருந்து ஆட்டம் வரை உள்ள ஒரு வாரம்தான் அளவுகோல்.

முதலில் அவள் விஷயம். முழு வேக 300 மீட்டர் சீக்கிரம் பலன் தரும். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் நேரம் குறையும், பயிற்றுநருக்கும் தெம்பு வந்துவிடும். அதன்பின் முன்னேற்றம் அப்படியே தேங்கும், மேலும் அழுத்தினால் ஓட்டம் மந்தமாகும். பிப்ரவரியில் வந்த 60.8தான் உங்கள் திட்டத்தின் உச்சம், இரண்டு மாதம் முன்னதாக வந்துவிட்டது.

போட்டி நாளிலிருந்து 16 வாரம் பின்னால் போங்கள். முதல் ஆறு வாரம் அடித்தளம். வாரத்தில் இரண்டு நாள் புல்தரையில் 200 மீட்டர் எட்டு முறை, இடையில் இரண்டு நிமிடம் நடை. உங்கள் பக்கத்தில் தித்திவங்சா பூங்கா இருக்கிறதே, அதன் புல்லே போதும். வேகம் 75 விழுக்காடு. இந்தக் கணக்கில் பலர் சறுக்குகிறார்கள். அவளுடைய சிறந்த 200 மீட்டர் 27.5 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 27.5ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும், 36.7 விநாடி வரும். கால் பங்கு கூட்டினால் போதும் என்று 1.25ஆல் பெருக்கினால் 34.4 வரும். அது 80 விழுக்காடு வேகம். எட்டு ஓட்டத்தில் அந்த இரண்டு விநாடி வித்தியாசமே இலகுவான நாளைக் கடினமான நாளாக்கிவிடும். இதோடு ஒரு நாள் மேட்டில் 60 மீட்டர் எட்டு முறை ஏறி ஓடி நடந்து இறங்குவது, இரண்டு நாள் தசைவலிமைப் பயிற்சி.

அடித்தளம் என்றதும் வேகப் பயிற்சியை மூட்டை கட்டிவிடாதீர்கள். ஒரு திறனைப் பயிற்றுவதை நிறுத்தியபின் அது எத்தனை நாள் தங்கும் என்று இசூரின் என்ற ஆய்வாளர் தொகுத்திருக்கிறார்: தாங்குதிறனும் உச்ச வலிமையும் சுமார் 30 நாள், உச்ச வேகமோ சுமார் ஐந்தே நாள். அதனால் ஆண்டு முழுக்க வாரம் இருமுறை, உடல் சூடான உடனே, 30 மீட்டர் ஐந்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று நிமிடம். களைத்த காலோடு கடைசியில் ஓடுவது கணக்கில் சேராது.

அடுத்த ஐந்து வாரம்: ஒரு நாள் 300 மீட்டர் மூன்று முறை, 90 விழுக்காட்டில், எட்டிலிருந்து பத்து நிமிட இடைவெளியுடன். மூன்றாவது ஓட்டம் முதலாவதைவிட இரண்டு விநாடிக்கு மேல் பின்தங்கினால் அடுத்த முறை இரண்டோடு நிறுத்துங்கள். இன்னொரு நாள் 150 மீட்டர் நான்கு முறை, வேகமாக. இரண்டு கடின நாட்களுக்கு நடுவே 48 மணி நேரமாவது வேண்டும். அதன்பின் மூன்று வாரம் போட்டி வேகம்: ஒரு 350, பன்னிரண்டு நிமிடம் கழித்து ஒரு 200, வாரம் ஒருமுறை மட்டும். நடுவில் ஒரு சிறிய போட்டி.

கடைசி இரண்டு வாரம்தான் உங்களை அதிகம் ஏமாற்றியிருக்கிறது. குறைக்க வேண்டியது தூரத்தை, வேகத்தை விடக்கூடாது. மொத்த அளவில் 40 முதல் 60 விழுக்காடு வரை வெட்டலாம். வேகமும் பயிற்சி நாட்களும் ஏறக்குறைய அப்படியே இருக்கட்டும். வாரம் 900 மீட்டர் வேகமாக ஓடியவள் 400, 450 மீட்டர் அதே வேகத்தில் ஓடட்டும். இரண்டு வாரம் மெதுவோட்டம் மட்டும் ஓடியவளுக்கு ஸ்பைக்ஸ் (ஆணிக் காலணி) மாட்டிக்கொண்டு தொடக்கக் கட்டையில் குனியும்போது காலுக்கு வேகம் மறந்துபோயிருக்கும்.

இன்னொன்று, சங்கடப்படாமல் கேளுங்கள், இல்லையென்றால் அம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? மூன்று மாதம் வரவில்லை என்றால் அட்டவணையைத் திருத்துவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாப்பாடு போதாமல் பயிற்சி ஏறுவது ஒரு காரணமாக இருக்கலாம். காரணமில்லாமல் ஓட்டம் மந்தமானால் இரும்புச்சத்தையும் பார்த்துவிடுங்கள்.

இனி பையன்கள். மூன்று மாதத் தயாரிப்பில் பெற்றது பத்தாவது வாரம் வரை தானாக நிற்காது. லீக் நடக்கும்போதே வலிமையும் வேகமும் சிறு அளவில் தொடர வேண்டும். பின்தசை இழுப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று: முழு வேக ஓட்டமே பயிற்சியில் இல்லை, ஆட்டத்தில் திடீரென்று வருகிறது.

ஞாயிறு காலை ஆட்டம், செவ்வாய், வியாழன் மாலை பயிற்சி என்று எடுத்துக்கொள்கிறேன். செவ்வாய் கனமான நாள். சிறிய திடலில் நான்குக்கு நான்கு ஆட்டம், நான்கு நிமிடம் வீதம் நான்கு முறை, நடுவில் மூன்று நிமிடம். நிற்பதும் திரும்புவதும் கிளம்புவதும் அதிகம், தசைக்கு நல்ல வேலை. முடிவில் முழங்காலிட்டு, இன்னொருவர் கணுக்காலைப் பிடிக்க, மெல்ல முன்னால் சாயும் நோர்டிக் பயிற்சி ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று. முதல் இரண்டு வாரம் தசை வலிக்கும், ஆகவே இதைச் செவ்வாய்க்குப் பிறகு தள்ளாதீர்கள். வியாழன் பெரிய திடல், குறைந்த நேரம், 30 அல்லது 40 மீட்டர் முழு வேக ஓட்டம் மூன்று நான்கு. பிறகு மூலைஉதை, தடுப்பாட்ட ஒழுங்கு. சனிக்கிழமை கூட முடிந்தால் அரைமணி, தொட்டும் தொடாமலும். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் ஃபிஃபா 11+ (காயத்தைத் தடுக்க வகுத்த பயிற்சித் தொகுப்பு) வார்ம்-அப், சுமார் 20 நிமிடம் ஆகும். பையன்கள் முணுமுணுப்பார்கள், விட்டுவிடாதீர்கள்.

ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களை மறந்துவிடுகிறோம். ஆடாதவனுக்கு அந்த ஞாயிறு கிடைக்கவேண்டிய உழைப்பு முழுதும் விட்டுப்போய்விட்டது. ஆட்டம் முடிந்ததும் அவர்களை மட்டும் 15 நிமிடம் ஓடவிடுங்கள். ஆடியவர்களுக்குத் திங்கள் ஓய்வு.

பயிற்சிச் சுமையை, அதாவது உடல் எவ்வளவு உழைத்தது என்பதை, கணக்கெடுக்கக் கருவி வேண்டாம். பயிற்சி முடிந்து அரைமணி கழித்து 0 முதல் 10 வரை எவ்வளவு கடினம் என்று கேளுங்கள், அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 70 நிமிடம், 6 என்றால் 420. வார மொத்தத்தை நோட்டில் எழுதி வாருங்கள். உங்கள் நோட்டில் இல்லாதவையும் இருக்கும்: புதன் இரவு நண்பர்களோடு ஃபுட்சால் (ஐவர் காற்பந்து), பள்ளிக் குழுவின் ஆட்டம், தைப்பூசத்தில் ரதத்தோடு பத்துமலைக்கு நடந்தது. புதனை ஓய்வு என்று நீங்கள் எழுதியிருக்க, பையன் ஒன்றரை மணி நேரம் சிமெண்ட் தரையில் ஆடியிருப்பான். வாட்ஸ்அப் குழுவில் திங்கள்தோறும் கேட்டாலே பாதி வெளிவரும். நோன்பு மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகரும். குழுவில் நோன்பு இருப்பவர்கள் இருந்தால் அந்த வாரங்களின் அளவை முன்கூட்டியே குறைத்து, பயிற்சியை நோன்பு துறந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை மழை நம்மூர்ப் பயிற்றுநர்களின் நிரந்தர எதிரி. இடி கேட்டால் திடலை விட்டு வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். அன்று விட்டுப்போன கடினப் பயிற்சியை மறுநாள் பயிற்சியோடு சேர்த்து ஒட்டாதீர்கள், அது போனது போனதுதான்.

சீசன் முடிந்தபின் அவளுக்கும் பையன்களுக்கும் இரண்டு மூன்று வாரம். முதல் வாரம் ஓட்டமே வேண்டாம். பிறகு நீச்சல், பூப்பந்து, எது பிடிக்கிறதோ அது. திரும்பித் தொடங்கும்போது, விட்ட இடத்தின் பாதி அளவிலிருந்து தொடங்கி மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் இறக்குங்கள். ஓட்டக்காரியின் அடுத்த போட்டித் தேதி தெரிந்ததும் எழுதுங்கள், 16 வாரத்தையும் நாள்வாரியாகப் போட்டுப் பார்ப்போம்.