மகள் லேண்ட் டிரஸ்ட் வேலைக்குப் போகலாமா?

அம்மா, மாசசூசெட்ஸில் சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், நிலத்தில் கட்டடம் பெருகாமல் காக்கும் லாபநோக்கற்ற அமைப்பான லேண்ட் டிரஸ்டில் சேரப் போவதாகச் சொல்கிறாள். அது வேலையா, தொண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளம் தரும் முழுநேர வேலைதான். மென்பொருள் துறைச் சம்பளத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். காட்டில் நடந்து திரிவதுதான் வேலை என்று அவள் எண்ணியிருந்தால் அதையும் இப்போதே பேசித் தெளிவாக்கிவிடுங்கள். இந்தத் தொழிலின் உயிர் பத்திரத்தில் இருக்கிறது.

ஒரு விவசாயியின் 100 ஏக்கர், மனை போடலாம் என்ற நிலையில் 10 லட்சம் டாலர் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனை போடும் உரிமையை அவர் நிரந்தரமாக விட்டுக்கொடுத்த பிறகு அது 6 லட்சம்தான் பெறும் என்றால், இடையிலுள்ள 4 லட்சமே கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் எனப்படும் அந்தக் கட்டுப்பாட்டுப் பத்திரத்தின் மதிப்பு. நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். கட்டுப்பாடு மட்டும் நிலத்தோடேயே போய் அடுத்த உரிமையாளரையும் பிடிக்கும். 4 லட்சத்தையும் லேண்ட் டிரஸ்டுக்குத் தானமாக விட்டால் மத்திய வருமான வரியில், ஆண்டு வருமானத்தில் 50 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். வருமானத்தில் பெரும்பகுதி விவசாயத்திலிருந்து வருபவர்களுக்கு 100 சதவீதம் வரை. கழியாத மீதியை 15 ஆண்டு வரை கொண்டுபோகலாம்.

உங்கள் மாநிலத்தில் இதற்குப் பெயர் கன்சர்வேஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன். லேண்ட் டிரஸ்ட் வைத்துக்கொள்ளும் பத்திரத்துக்கு ஊராட்சியின் ஒப்புதலும் மாநிலச் சுற்றுச்சூழல் செயலரின் ஒப்புதலும் வேண்டும். இன்னொரு வழி, அரசே நிலத்தை வாங்குவது. 1964-இல் தொடங்கிய லேண்ட் அண்ட் வாட்டர் கன்சர்வேஷன் ஃபண்டுக்கு 2020 சட்டம் ஆண்டுக்கு 90 கோடி டாலரை நிலையாக உறுதி செய்தது. ஊர் அளவில், கம்யூனிட்டி பிரிசர்வேஷன் சட்டத்தை ஏற்ற ஊர்கள் சொத்துவரித் தொகையில் 3 சதவீதம் வரை கூடுதலாக வசூலித்து அதில் நிலம் வாங்குகின்றன.

வேலையின் சூடு தெரிய வேண்டுமானால் உங்கள் மாநிலத்தின் சாப்டர் 61 என்ற நிலவரிச் சலுகைச் சட்டத்தைப் பாருங்கள். காடு, விவசாயம் என்று சொல்லிக் குறைந்த வரி கட்டிய நிலத்தை வீடு கட்டுவதற்காக விற்க உரிமையாளர் ஒப்பந்தம் போட்டால், அதே விலைக்கு வாங்கும் முதல் உரிமை ஊருக்கு வருகிறது. முறையான அறிவிப்பு வந்ததிலிருந்து 120 நாள் கெடு. அந்த உரிமையை ஊர் ஒரு லேண்ட் டிரஸ்டுக்கும் மாற்றிக் கொடுக்கலாம். அதற்குள் மதிப்பீடு, வில்லங்கம் பார்த்தல், மண்ணில் நச்சுக் கழிவு உண்டா என்ற ஆய்வு, பணம் திரட்டல், ஊர்க்கூட்ட வாக்கு எல்லாம் முடிய வேண்டும். நாள் கடந்தால் நிலம் போய்விடும்.

எங்கே கெடுகிறது? நிலத்தின் மேல் வங்கி அடமானம் இருந்து, தன் உரிமை ஈஸ்மென்டுக்குப் பிற்பட்டது என்று வங்கி எழுதித் தந்ததைத் தானம் கொடுக்கும் முன்பே வாங்கிவிடாவிட்டால், முழு வரிக்கழிவும் போகும். தானத்துக்கு 60 நாளுக்கு மேல் முந்திய மதிப்பீடு செல்லாது. அன்றைய நிலத்தின் நிலையைப் படம், வரைபடத்தோடு பதிந்த அடிப்படை ஆவணம் இல்லையென்றால், பிற்பாடு பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டாலும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் ஆண்டுதோறும் நேரில் போய்ப் பார்ப்பது கட்டாய வேலை. மதிப்பை ஊதிப் பெருக்கிக் கூட்டாளிகளுக்கு வரிக்கழிவு விற்ற கும்பல்களால் இத்துறைக்குக் கெட்ட பெயர் வந்தது. 2022 சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. மிகைப்படுத்திய மதிப்பீட்டில் கையெழுத்துப் போடச் சொல்லும் இடத்தில் அவள் ஒரு நாளும் நிற்கக் கூடாது.

படிப்பில் ஜிஐஎஸ் என்ற கணினி வரைபடத் தொழில்நுட்பம் நன்றாக வேண்டும். சொத்துச் சட்டத்தில் ஒரு பாடமாவது எடுக்கட்டும். தாவரவியலைவிட அது சீக்கிரம் வேலை வாங்கித் தரும். ஓட்டுநர் உரிமமும் அவசியம், ஏனென்றால் பேருந்து போகாத நிலங்களே அதிகம். கணக்கில் கெட்டிக்காரி என்றால் மதிப்பீட்டாளராவதைப் பற்றி யோசிக்கலாம். பட்டம், 300 மணி நேர வகுப்பு, 18 மாதத்துக்குக் குறையாமல் 3,000 மணி நேர அனுபவம் இருந்து, தேர்விலும் தேறினால் பெரிய நிலங்களை மதிப்பிடும் மாநிலச் சான்று பெறலாம்.

விசா விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். அவள் குடியுரிமையோ பச்சை அட்டையோ உடையவள் என்றால் அமெரிக்கார்ப்ஸ் என்ற மத்திய அரசின் சேவைப் பணித் திட்டம் நல்ல நுழைவாயில். எஃப்-1 மாணவர் விசா என்றால், படிப்பு முடிந்து வேலை பார்க்க அனுமதிக்கும் 12 மாத ஓபிடிக்குப் பிறகான 24 மாத ஸ்டெம் நீட்டிப்புக்கு அவளுடைய பட்டம் அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்ப) பட்டியலில் இருக்க வேண்டும், வேலை தருபவர் இ-வெரிஃபை என்ற அரசின் வேலைத் தகுதிச் சரிபார்ப்பு முறையில் பதிந்திருக்க வேண்டும். நேர்காணலிலேயே கேட்கச் சொல்லுங்கள். லாபநோக்கற்ற நிறுவனம் என்பதால் மட்டும் ஹெச்-1பி வேலை விசாக் குலுக்கலிலிருந்து விலக்கு கிடைக்காது. பல்கலைக்கழகத்தோடு இணைந்ததாகவோ ஆராய்ச்சி நிறுவனமாகவோ இருக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை கொடுங்கள். மாவட்டப் பத்திரப் பதிவகத்தின் இணையத் தேடலில் உங்கள் ஊரில் பதிவான ஒரு கன்சர்வேஷன் ரெஸ்ட்ரிக்‌ஷனை எடுத்து, எதற்குத் தடை, எதற்கு அனுமதி என்ற பகுதிகளை முழுக்கப் படிக்கட்டும். பிறகு பக்கத்து லேண்ட் டிரஸ்டுக்கு எழுதி, கோடையில் கண்காணிப்புக்கு ஆள் வேண்டுமா என்று கேட்கட்டும்.