திமிங்கலத்துக்காகக் கப்பலை மறித்தால் கடற்கொள்ளையா? வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

பட்டா மாறுதல், பாகப்பிரிவினை, பக்கத்து வீட்டுக்காரர் வேலி நகர்த்திய கதை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கொடைக்கானல் மூடுபனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கடல் சட்டம் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. பண்ணைக்காட்டிலிருந்து ஒரு மாணவி நாலு பக்கம் எழுதி அனுப்பினார். அதை இங்கே நாலு பேரிடம் சொல்லப்போய், ஆளுக்கொரு கேள்வி கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: திமிங்கல வேட்டைக் கப்பலைச் சின்னப் படகுகளில் போய் மறிக்கிறவர்களின் வீடியோ பார்த்தேன். என் மாமா 'அவங்க கடற்கொள்ளைக்காரங்க, கோர்ட்டே சொல்லியாச்சு' என்கிறார். நான் 'காவல்காரர்கள்' என்கிறேன். வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. யார் சரி? (கல்லூரி மாணவி, பண்ணைக்காடு)

முதலில் மாமாவிடம் பேசிவிடுங்கள், அவர் காற்றில் அடித்துவிடவில்லை. 2013இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி வேட்டைக் கப்பல்களை மறிக்கிற ஸீ ஷெப்பர்ட் அமைப்பைப் பற்றி அப்படித்தான் சொன்னது. ஒரு கண்ணில் துணி கட்டி, மரக்கால் வைத்திருந்தால்தான் கொள்ளைக்காரன் என்றில்லை என்று நீதிபதி கிண்டலாகவே தீர்ப்பைத் தொடங்கினார். ஆனால் மாமா அந்த ஒரு தீர்ப்போடு நிறுத்திவிட்டார்.

கடற்கொள்ளை என்றால் என்ன என்பதை ஐநா கடல் சட்ட உடன்படிக்கையின் 101ஆம் பிரிவு சொல்கிறது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொதுக் கடலில், ஒரு தனியார் கப்பலில் இருப்பவர்கள், இன்னொரு கப்பல் மேல், 'சொந்த நோக்கத்துக்காக' செய்யும் சட்டவிரோத வன்முறை. இதில் அந்த 'சொந்த நோக்கம்' என்ற சொல்தான் வில்லங்கம். திமிங்கலத்தைக் காப்பாற்றுவதில் எனக்கு என்ன சொந்த நோக்கம், ஒரு பைசா லாபம் உண்டா என்று ஸீ ஷெப்பர்ட்காரர்கள் கேட்டார்கள். லாபம் இல்லாவிட்டாலும் அது உங்கள் சொந்தக் கொள்கைதானே, அரசாங்கம் அனுப்பி நீங்கள் போகவில்லையே என்றது கோர்ட். வடகடலில் கழிவு கொட்டிய கப்பல்களுக்கு எதிராக கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு இறங்கியபோது பெல்ஜியத்தின் உச்ச நீதிமன்றமும் 1986இலேயே இதே மாதிரிதான் சொல்லியிருந்தது.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாத இடம் இது. பொதுக் கடலில் ஒரு கப்பல் மேல் கை வைக்கும் அதிகாரம், அது எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுக்கு மட்டும்தான். கொள்ளைக் கப்பல் என்றாகிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், எந்த நாட்டுப் போர்க்கப்பலும் பிடித்துக்கொண்டு போய்த் தன் ஊரில் வழக்கு நடத்தலாம். சோமாலியாக்காரன் துப்பாக்கியோடு வந்து ஆளைக் கடத்தினான், அவனுக்கு அது சரி. பேனரும் கேமராவும் வைத்திருப்பவனுக்கும் அதே விதி என்றால், நாளைக்கு எந்த அரசும் தனக்குப் பிடிக்காத படகை அள்ளிக்கொண்டு போகும். ரஷ்யா அதைச் செய்தும் பார்த்தது. 2013இல் ஆர்க்டிக்கில் ஒரு எண்ணெய் மேடைமேல் ஏறப்போன கிரீன்பீஸ்காரர்களின் கப்பலைப் பிடித்து, பத்திரிகையாளர்கள் உட்பட 30 பேரை உள்ளே தள்ளி, முதலில் கடற்கொள்ளை என்றுதான் வழக்குப் போட்டார்கள், பிறகு ரவுடித்தனம் என்று மாற்றினார்கள். 2015இல் சர்வதேச நடுவர் மன்றம் ரஷ்யா செய்தது தப்பு என்றது. எண்ணெய் மேடை கப்பலே இல்லை, அப்புறம் எங்கே கொள்ளை? கடலில் போராட்டம் நடத்துவதே கப்பலோட்டும் சுதந்திரத்தோடு சேர்ந்த சட்டப்படியான உபயோகம்தான் என்றும் அதே மன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்பை மாமாவிடம் காட்டுங்கள்.

அதற்காக உங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கொள்ளை இல்லை என்றால் குற்றமே இல்லை என்று ஆகாது. பக்கத்தில் கப்பலை ஓட்டிப் போவது, படம் எடுப்பது, ஒலிபெருக்கியில் கத்துவது, பேனர் பிடிப்பது, இதற்கெல்லாம் உரிமை உண்டு. ப்ரொப்பல்லரில் சிக்கட்டும் என்று கம்பி வைத்த கயிற்றைத் தண்ணீரில் இழுத்துவிடுவது, புளித்த வெண்ணெய் நாற்றம் அடிக்கும் அமிலத்தைப் பாட்டிலில் அடைத்து எதிர்க் கப்பல் தளத்தில் எறிவது, மோதுவது, இதெல்லாம் உரிமையில் வராது. ஸீ ஷெப்பர்ட் மேல் அமெரிக்க வழக்கில் சொன்னது இதைத்தான். 500 கஜத்துக்குள் நெருங்கக்கூடாது என்று 2012 டிசம்பரிலேயே தடை உத்தரவு போட்டிருந்தார்கள்.

நடுவில் மாட்டிக்கொள்வது 'மறிப்பது'. இதை நம் காட் ரோட்டை வைத்துச் சொல்கிறேன். வத்தலகுண்டிலிருந்து ஏறிவரும் லாரிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், அதுதான் மலைச்சாலை விதி. அதற்காக ஏறுகிற டிரைவர், 'ரைட் என்னுடையது' என்று கண்ணை மூடிக்கொண்டு வந்து கொண்டைஊசி வளைவில் இடித்தால், அவர் பேரிலும்தான் எஃப்ஐஆர். கடலிலும் 1972இல் போட்ட மோதல் தவிர்ப்பு விதிகள் இருக்கின்றன. குறுக்கே வரும் கப்பலை வலப்பக்கம் பார்க்கிறவர் ஒதுங்க வேண்டும். ஆனால் அவர் மட்டும் ஒதுங்கி மோதலைத் தவிர்க்க முடியாது என்று தெரிந்துவிட்டால் மற்றவரும் தன் பங்குக்கு ஏதாவது செய்தாக வேண்டும், 'ரைட்' பேசிக்கொண்டு நிற்க முடியாது. போராட்டக்காரர்களுக்கும் இது பொருந்தும், வேட்டைக்காரர்களுக்கும் பொருந்தும். 2010 ஜனவரியில் அண்டார்டிக் கடலில் 'ஏடி கில்' என்ற போராட்டப் படகின் முன்பக்கத்தை 'ஷோனான் மாரு 2' என்ற ஜப்பானியக் கப்பல் பிய்த்துக்கொண்டு போனபோது, இரண்டு தரப்பும் 'அவன்தான் வந்து இடித்தான்' என்றது. நியூசிலாந்தின் கடல்சார் துறை விசாரித்து, மோதலைத் தவிர்க்க இரண்டு கேப்டன்களுமே தவறிவிட்டார்கள் என்றது. காட் ரோட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த முடிவு ஆச்சரியமாகவே இருக்காது.

கேள்வி: திமிங்கல வேட்டைக்குத்தான் உலகம் முழுக்கத் தடையாச்சே. திருடனைப் பிடித்தால் பிடித்தவன் மேல் வழக்கா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், பெருமாள்மலை)

சார், 'உலகம் முழுக்கத் தடை' என்பதில்தான் ஓட்டை. 1946இல் போட்ட ஒப்பந்தத்தின் கீழ் இயங்கும் சர்வதேசத் திமிங்கல ஆணையம், வியாபார வேட்டையை நிறுத்த 1982இல் ஓட்டுப் போட்டது, 1986லிருந்து அமல். ஆனால் ஆட்சேபம் எழுதிக்கொடுத்த நாட்டை அது கட்டாது. நார்வே அப்படி எழுதிக்கொடுத்துவிட்டு இன்றைக்கும் வேட்டையாடுகிறது. ஜப்பான் வேறு கதவு கண்டுபிடித்தது. ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவில் ஆராய்ச்சிக்காக ஒரு நாடு தானே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அதை வைத்து 1987லிருந்து அண்டார்டிக்கில் ஆராய்ச்சி என்ற பெயரில் பிடித்து, கறியை மார்க்கெட்டில் விற்றார்கள். விற்பதற்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறது என்பதுதான் கொடுமை.

சரி, திருடன் என்றே வைத்துக்கொள்வோம். நம் ஊரில் கண்ணெதிரே ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் நடந்தால் யாரும் பிடிக்கலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 43ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 40. பிடித்தவர் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். பொதுக் கடலில் ஒப்படைக்க போலீஸ் ஸ்டேஷன் எங்கே? அங்கே தனியாருக்கு அப்படிக் கைது செய்யும் அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை. 1982இல் ஐநா பொதுச்சபை நிறைவேற்றிய இயற்கை சாசனத்தைக் காட்டி 'எங்களுக்கு அதிகாரம் உண்டு' என்று ஸீ ஷெப்பர்ட் சொல்லிவந்தது. அது யாரையும் கட்டாத தீர்மானம், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கப்பலில் ஏற முடியாது.

ஏறிப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். உடைந்த ஏடி கில் படகின் கேப்டன் பீட் பெத்யூன், அடுத்த மாதமே ராத்திரி ஜெட் ஸ்கீயில் போய், அதே ஷோனான் மாருவின் பாதுகாப்பு வலையை அறுத்து மேலே ஏறிவிட்டார். எதற்கு? அந்தக் கேப்டனைக் கைது செய்யவும், படகுக்கான நஷ்டஈட்டு பில்லைக் கையில் கொடுக்கவும்! (நியாயமாகக் கோபம் வந்தவர்கள் செய்கிற காரியம் சில சமயம் இப்படித்தான் இருக்கும், எனக்குச் சிரிப்பும் வந்தது, பரிதாபமும் வந்தது.) அவரையே டோக்கியோவுக்குக் கொண்டுபோனார்கள். அத்துமீறி நுழைந்தது, சேதப்படுத்தியது, தொழிலைத் தடுத்தது, காயப்படுத்தியது என்று வழக்கு. இரண்டு வருட தண்டனையை நிறுத்திவைத்து ஊருக்கு அனுப்பினார்கள். கவனியுங்கள், ஜப்பானே அவர் மேல் கடற்கொள்ளைப் பிரிவைப் போடவில்லை.

வேட்டை எங்கே அடிபட்டது என்றால் தி ஹேக்கில். ஆஸ்திரேலியா வழக்குப் போட, நியூசிலாந்து சேர்ந்துகொள்ள, 2014 மார்ச் 31இல் சர்வதேச நீதிமன்றம் 12க்கு 4 என்ற கணக்கில், அப்போது நடந்துகொண்டிருந்த ஜப்பானின் திட்டம் ஆராய்ச்சிக்கானது ஆகாது, அனுமதியை ரத்து செய் என்றது. உடனே நின்றதா? ஒரு பருவம் நின்றது. அடுத்ததில் புதுப் பெயரில் திட்டம் போட்டு 333 மின்கே திமிங்கலங்களைப் பிடித்தார்கள். 2019இல் ஆணையத்திலிருந்தே வெளியேறி, அண்டார்டிக்கை விட்டுவிட்டு, இப்போது தங்கள் கடலெல்லைக்குள் வெளிப்படையாக வியாபார வேட்டை.

படகுகள் போகாமல் இருந்திருந்தால் அந்த வழக்கு வந்திருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். வந்திருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். 1975இல் கிரீன்பீஸ் சோவியத் ஹார்ப்பூனுக்கும் திமிங்கலத்துக்கும் நடுவே ரப்பர் படகை ஓட்டிய அந்தப் படம்தான் ஊர் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அதே கிரீன்பீஸ் நம் ஊருக்கும் வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். 2001 மார்ச், மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்த விஷயம் வெளியே வந்தது. தெர்மாமீட்டர் ஆலை வாசலுக்கு ஊரே ஊர்வலமாகப் போனது. நானும் போனேன், ஸ்வெட்டர் நனைகிற மாதிரி பனி. சாக்கு கிழிந்த இடத்தில் குட்டிக் குட்டியாக வெள்ளிப் பொட்டு உருண்டதை ஒரு பையன் குச்சியால் தொடப்போக, அவன் அம்மா இழுத்து ஒரு அறை விட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆலை மூடியது, 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. அன்றைக்கு நாம் வாசலில் நின்றோம், கேட் ஏறிக் குதித்து மெஷினை உடைக்கவில்லை. உடைத்திருந்தால் பேச்சு பாதரசத்தை விட்டுவிட்டு மெஷினைப் பற்றிப் போயிருக்கும். எங்களில் பாதிப் பேர் திண்டுக்கல் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருப்போம்.

கேள்வி: பால் வாட்சன் என்பவரைப் பிடித்தார்களே, விட்டுவிட்டார்களா? (டீக்கடை நண்பர், மன்னவனூர்)

ஸீ ஷெப்பர்டை ஆரம்பித்தவர்தானே, விட்டுவிட்டார்கள். 2010இல் பெத்யூன் கப்பலேறிய அந்த விவகாரத்தில் உடந்தை என்று ஜப்பான் அவரைத் தேடியது. 2024 ஜூலையில் கிரீன்லாந்தில் எண்ணெய் நிரப்ப நின்றவரைப் பிடித்து ஐந்து மாதம் உள்ளே வைத்தார்கள். டிசம்பரில் டென்மார்க் அவரை ஒப்படைக்க மறுத்து வெளியே விட்டது. அதனால் அவர் நிரபராதி என்று ஆகிவிடவில்லை, வழக்கே நடக்கவில்லை. கடலில் 14 வருஷத்துக்கு முன் நடந்ததற்கு, பெட்ரோல் பங்கில் நிற்கிற மாதிரி நின்ற இடத்தில் பிடித்தார்கள் பாருங்கள், போராட்டக்காரர்களுக்கு ஆபத்து நடுக்கடலைவிடத் துறைமுகத்தில்தான் அதிகம்.

கேள்வி: இதெல்லாம் நம்ம கடலில் நடந்தால்? அப்புறம், தூத்துக்குடி சொந்தக்காரர் ஒருவர் 'திமிங்கல வாந்தி' கிடைத்தால் கோடி ரூபாய் என்கிறார். உண்மையா? (பெயர் வேண்டாம், தாண்டிக்குடி)

பெயர் போடவில்லை, பயப்படாதீர்கள். நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் திமிங்கலம் முதல் அட்டவணை, புலி யானையோடு சேர்ந்தது. அம்பர்கிரீஸ், அதாவது அந்த 'வாந்தி'யைக் கரையில் பொறுக்கினாலும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம், முதல் அட்டவணை என்றால் மூன்று முதல் ஏழு வருடம். கோடியைச் சொல்கிறவர் வருடத்தைச் சொல்ல மாட்டார்.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் சட்டம் முழுசாக ஓடும். அதற்கு வெளியே சிக்கல். 2012இல் கேரளா பக்கம், கரையிலிருந்து 20 கடல் மைல் சொச்சத்தில், இத்தாலியக் கப்பல் காவலர்கள் கடற்கொள்ளைக்காரர்கள் என்று நினைத்து நம் மீனவர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்களே, அந்த வழக்கை யார் விசாரிப்பது என்று முடிவு பண்ணவே 2020 ஆனது. உயிர் போன வழக்கிலேயே அவ்வளவு நாள். நம் நாட்டிலும் 2022இல் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, ஆயுள் வரை தண்டனை, உயிர் போனால் மரண தண்டனைகூட உண்டு. அதிலும் அதே 'சொந்த நோக்கம்' இருக்கிறது, போராட்டக்காரர்களுக்கு விலக்கு என்று தனியாக எழுதவில்லை. அமெரிக்கத் தீர்ப்பைக் காட்டி ஒருவர் வாதாடலாம், எதிர்த்து நான் வாதாடத் தயார்.

மறுபடி பண்ணைக்காடு: படிப்பு முடிந்ததும் அந்த மாதிரிக் கப்பலில் தன்னார்வலராகச் சேர ஆசை. சட்டப்படி என்ன பார்க்க வேண்டும்?

ஓ, அதற்குத்தான் நாலு பக்கமா! கப்பல் எந்த நாட்டுக் கொடியில் போகிறது என்று முதலில் கேளுங்கள், உங்கள் மேல் முதலில் பாய்வது அந்த நாட்டுச் சட்டம்தான். கேப்டன் மேல் எங்காவது வாரண்ட் இருக்கிறதா, வழியில் எந்தெந்தத் துறைமுகத்தில் நிற்கும் என்று எழுதி வாங்குங்கள். என்ன நடந்தாலும் எதிர்க் கப்பலில் ஏறாதீர்கள், எதையும் எறியாதீர்கள், கேமராவை மட்டும் விடாதீர்கள். கடிதத்தின் கடைசி வரியில், பண்ணைக்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கினாலே வத்தலகுண்டு வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்டார்டிக் கடலில் அலை வீடு உயரத்துக்கு வரும். முதலில் ராமேஸ்வரத்தில் ஒரு நாள் நாட்டுப்படகில் போய்விட்டு வந்து எழுதுங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.