கடையின் சொந்த பிராண்டா, கம்பெனி பாக்கெட்டா? எல்லைப்பகுதி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார்ப் பகுதிகளிலும், எல்லைக்கு இந்தப்புறம் தமிழ்நாட்டின் பொள்ளாச்சி வட்டாரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் மாதச் சாமான்களை இரண்டு மாநிலங்களின் கடைகளிலும் வாங்குகின்றன. மளிகைப் பொருள்களைக் கொள்முதல் செய்து, தரம் பிரித்து, பொட்டலமிடும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், பெரிய கடைகள் தம் சொந்தப் பெயரில் விற்கும் மலிவான பொருள்களைப் பற்றி அனுப்பப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): ஐயா, பெரிய கடைகளில் அவர்கள் பெயரிலேயே சர்க்கரை, உப்பு, பருப்பு எல்லாம் விலை குறைவாகக் கிடைக்கின்றன. விலை குறைவு என்றால் தரமும் குறைவாகத்தானே இருக்கும்?

அப்படிச் சொல்லிவிட முடியாது, அம்மா. கம்பெனி பாக்கெட்டின் விலையில் விளம்பரச் செலவு, மொத்த வியாபாரியின் பங்கு, கடையில் கண்ணுக்கு நேரான தட்டில் இடம் பிடிப்பதற்கான செலவு எல்லாம் சேர்ந்திருக்கின்றன. கடை தன் பெயரில் விற்கும்போது இவற்றில் பெரும்பகுதி இல்லாமல் போகிறது. ஆகவே, ஒரே ஒரு பொருள் மட்டும் அடங்கிய பாக்கெட்டுகளில் சொந்த பிராண்டை நம்பி வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

சர்க்கரை ஆலையிலேயே படிகத்தின் அளவையும் நிறத்தையும் வைத்துத் தரம் பிரிக்கப்பட்டு, எம் 30, எஸ் 30 என்று குறியிடப்பட்டு வருகிறது. அதே ஆலையின் அதே மூட்டையை யார் பொட்டலமிட்டாலும் சர்க்கரை மாறுவதில்லை. அயோடின் உப்பு வாங்குபவர் கைக்கு வரும்போது அதில் குறைந்தது 15 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 15 பங்கு) அயோடின் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இது எல்லா பிராண்டுக்கும் பொது. பழைய பாக்கெட்டில் அயோடின் குறைந்துகொண்டே வரும் என்பதால், உப்பில் பெயரைக் காட்டிலும் பொட்டலமிட்ட மாதத்தைப் பாருங்கள்.

துவரம்பருப்பு சற்று வேறு. அதில் முழுப்பருப்பு எவ்வளவு, நொறுங்கியது எவ்வளவு, தோல் எவ்வளவு என்பதில்தான் விலை வேறுபாடு இருக்கிறது. இரண்டு பிராண்டிலும் 100 கிராம் நிறுத்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, நொய்யையும் தோலையும் நிறம் மாறியவற்றையும் தனியே ஒதுக்கிப் பாருங்கள். பிறகு இரண்டையும் ஒரே அளவு தண்ணீர் விட்டு, குக்கருக்குள் இரண்டு கிண்ணங்களில் ஒன்றாக வேகவையுங்கள். ஒதுக்கியதின் அளவும் வெந்த பருப்பின் குழைவும் ஒத்திருந்தால், கூடுதல் விலை கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. பளபளப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யவேண்டாம். எண்ணெயோ தண்ணீரோ விட்டு மெருகேற்றினால் எந்தப் பருப்பும் மின்னும்.

கேள்வி (கல்பாத்தி): எங்கள் வீட்டில் பில்டர் காபிதான். கடையின் சொந்த காபித்தூள் விலை குறைவு. ஆனால் டிகாக்ஷன் கறுப்பாக இறங்கினாலும் மணம் இல்லை. ஏன்?

நிறத்தைத் தருவது பெரும்பாலும் சிக்கரி. மணத்தைத் தருவது காபிக்கொட்டை. காபி-சிக்கரிக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு காபி இருக்கவேண்டும் என்பதும், இரண்டின் விகிதத்தையும் பாக்கெட்டில் அச்சிடவேண்டும் என்பதும் விதி. எனவே 80:20 ஆனாலும் 53:47 ஆனாலும் சட்டப்படி சரிதான். ஆனால் இரண்டும் ஒரே பொருள் அல்ல. ஒப்பிடும்போது பாக்கெட்டின் விலையை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் காபியின் விலையைக் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, 60:40 கலவை 200 கிராம் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் காபி 120 கிராம், அதாவது கிராமுக்கு ஒரு ரூபாய். 80:20 கலவை 200 கிராம் 150 ரூபாய் என்றால், அதில் காபி 160 கிராம், கிராமுக்கு ஏறத்தாழ 94 காசு. விலை குறைவாகத் தோன்றிய பாக்கெட்டில்தான் காபிக்கு அதிகம் கொடுத்திருக்கிறோம். சிக்கரி கலந்த சுவையே உங்களுக்குப் பிடித்தமானால் அது வேறு. ஆனால் விகிதத்தைப் பார்க்காமல் இரண்டு பிராண்டுகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

கேள்வி (வேலந்தாவளம்): அண்ணா, தேங்காய் எண்ணெய் விலை ஏறியதிலிருந்து எதை வாங்குவது என்றே புரியவில்லை. கடையின் சொந்த பிராண்டு, தெரியாத பெயர்கள், பெரிய கம்பெனி என எல்லாம் ஒரே தட்டில் இருக்கின்றன. ஃபிரிட்ஜில் வைத்து உறைந்தால் நல்ல எண்ணெய் என்கிறார்களே, அது போதுமா?

போதாது. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் சமையலறைச் செலவில் பெரிய பங்கு இந்த ஒரு பொருளுக்கே போகிறது.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உறையத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய்ப்பனையின் பருப்பிலிருந்து எடுக்கும் பாம் கெர்னல் எண்ணெயும் ஏறத்தாழ அதே வெப்பநிலையில் உறையும். ஆகவே அது கலந்திருந்தால் ஃபிரிட்ஜ் சோதனை காட்டிக்கொடுக்காது. உறையாமல் தனியே மிதக்கும் படலம் இருந்தால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். முழுவதும் உறைந்துவிட்டதால் சுத்தம் என்று முடிவு செய்ய முடியாது. உறுதியாகச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும்.

பெயரைப் பார்த்து வாங்குவதிலும் கவனம் தேவை. கேரள அரசு சார்ந்த கேராபெட் நிறுவனத்தின் எண்ணெய் ‘கேரா’ என்ற பெயரில் வருகிறது. அந்தப் பெயரை ஒட்டியும் முன்பின் ஏதாவது சொல் சேர்த்தும் பல எண்ணெய்கள் சந்தைக்கு வந்தன. 2018-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை பல கட்டங்களாக ஏராளமான பெயர்களை விற்பனைக்குத் தடை செய்தது. எனவே நான் அஞ்சுவது, தன் கடைப்பெயரையே பாக்கெட்டில் போட்டுப் பொறுப்பேற்கும் பெரிய அங்காடியின் எண்ணெயைக் கண்டு அல்ல. வேறொருவரின் நற்பெயரைப் போலத் தோற்றம் காட்டும், முகவரி தெளிவில்லாத எண்ணெயைக் கண்டுதான்.

வாங்கும்போது மூன்று இடங்களில் கண் போகட்டும். முதலில், பொருளின் பெயர் தேங்காய் எண்ணெய் என்று மட்டும் இருக்கிறதா, கலப்புத் தாவர எண்ணெய் என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு எண்ணெய்களைக் கலந்து, கலவை என்று அறிவித்து விற்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. முகப்பில் தேங்காய்ப் படம் இருப்பதால் உள்ளே இருப்பது தேங்காய் எண்ணெய் ஆகிவிடாது. அடுத்து, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 14 இலக்க எண்ணைத் தேடுங்கள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் அது இருக்காது. அந்த எண்ணின் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வணிகருக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். கேரளத்துக்கு 13, தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமத்துக்கு 00. கேரளப் பெயர் தாங்கிய எண்ணெய் காங்கேயத்தில் ஆட்டியதாக இருந்தால் அதை ஒரு குறையாகக் கருதவேண்டாம். கொப்பரைக்கும் எண்ணெய்க்கும் காங்கேயம் வட்டாரம்தான் பெரிய சந்தை, கேரளத்துக்குப் போகும் எண்ணெயில் நிறைய அங்கிருந்தே போகிறது.

கடைசியாக, எடை. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 முதல் 920 கிராம் இருக்கும். பார்வைக்கு ஒரு லிட்டர் கவர் போலவே இருக்கும் சில பாக்கெட்டுகளில் 850 கிராம்தான் இருக்கிறது. கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ எவ்வளவு விலை என்பதும் இப்போது பல பாக்கெட்டுகளிலேயே அச்சிடப்படுவதால், இரண்டிலும் ஒரே அலகில் இருக்கும் அந்த எண்ணை ஒப்பிட்டால் போதும். பல முறை சொந்த பிராண்டு மலிவு என்ற தோற்றம் இந்த இடத்தில் கலைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சில முறை அது இன்னும் மலிவு என்றும் தெரியவரும்.

கேள்வி (கஞ்சிக்கோடு): சார், கம்பெனி பிஸ்கட்டின் பாக்கெட்டிலும் கடை பிஸ்கட்டின் பாக்கெட்டிலும் தயாரித்த தொழிற்சாலையின் முகவரி ஒன்றாகவே இருந்தது. அப்படியானால் இரண்டும் ஒரே பிஸ்கட்தானே?

ஒரே அடுப்பில் வெந்திருக்கலாம், தம்பி. ஒரே மாவாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒப்பந்தத் தொழிற்சாலைகள் யார் வேலை கொடுக்கிறார்களோ அவர்கள் தரும் சேர்மானக் கணக்குப்படி செய்து கொடுக்கின்றன. காலையில் ஒருவருக்கு வெண்ணெய் கூடுதலாகவும், மாலையில் இன்னொருவருக்குப் பாமாயில் கூடுதலாகவும் அதே இயந்திரத்தில் பிசைய முடியும். சுகாதாரமும் இயந்திரத்தின் தரமும் இரண்டுக்கும் பொது என்று வேண்டுமானால் முகவரியிலிருந்து ஊகிக்கலாம்.

சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலிலும் குறைவானது கடைசியிலும் வரவேண்டும் என்பது விதி. அத்துடன், பெயரிலோ படத்திலோ ஒரு பொருளை முன்னிறுத்தினால் அது எத்தனை விழுக்காடு என்பதையும் அச்சிடவேண்டும். வெண்ணெய் பிஸ்கட் என்றால் வெண்ணெய் எவ்வளவு, முந்திரி பிஸ்கட் என்றால் முந்திரி எவ்வளவு என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். பட்டியலின் வரிசையும் அந்த விழுக்காடும் ஒத்திருந்தால் மலிவானதைத் தயங்காமல் வாங்குங்கள். மேரி போன்ற எளிய பிஸ்கட்டுகளில் பெரும்பாலும் வேறுபாடு மிகக் குறைவு. வெண்ணெய், முந்திரி, சாக்லேட் என்று பெயர் நீளும்போதுதான் இடைவெளி பெரிதாகிறது.

கேள்வி (சித்தூர்): பெருங்காயம், சாம்பார்ப் பொடி இவற்றில் சொந்த பிராண்டு வாங்கலாமா?

கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ அரிசி மாவோ, கருவேலம் பிசினும் சேர்ந்திருக்கும். சாராயத்தில் (ஆல்கஹாலில்) கரையும் பெருங்காயச் சத்து குறைந்தது 5 விழுக்காடு இருந்தால் போதும் என்று விதி வைத்திருப்பதால், அந்த வரம்பை ஒட்டிச் செய்ததும் அதைத் தாண்டிச் செய்ததும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. மலிவான டப்பாவில் இரண்டு சிட்டிகை போட வேண்டிய இடத்தில் நல்லதில் அரைச் சிட்டிகை போதும். எனவே இதில் நான் மணத்துக்குப் பெயர்பெற்ற பிராண்டையே வாங்குவேன். செலவும் உண்மையில் கூடுவதில்லை.

சாம்பார்ப் பொடியின் சேர்மானப் பட்டியலில் மல்லிக்கு முன்னால் வேறு எது வந்தாலும் பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிடுங்கள். மற்றபடி அது கைப்பக்குவமும் நாக்குப் பழக்கமும் சார்ந்தது. சிறிய பாக்கெட் வாங்கிப் பார்ப்பதுதான் வழி. வீட்டில் ஒருவர் மட்டும் அறியும்படி இரண்டு சாம்பாரையும் ஒரே மாதிரிக் கிண்ணங்களில் ஊற்றி, மற்றவர்களிடம் கருத்துக் கேளுங்கள். பாக்கெட்டைப் பார்த்த கண் நாக்கை ஏமாற்றிவிடும்.

கேள்வி (கோபாலபுரம்): எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறோம். மாவேலி ஸ்டோரில் சபரி பொருள்கள் மலிவு என்கிறார்கள். நாங்கள் வாங்கலாமா?

சபரி என்பது கேரள அரசின் சப்ளைகோ நிறுவனத்தின் சொந்த பிராண்டு. 1974-இல் தொடங்கிய அந்த நிறுவனம் மாவேலி ஸ்டோர்களை நடத்துகிறது. அங்கே இரண்டு விலைகள் உண்டு என்பதைப் புரிந்துகொள்ளவேண்டும். அரிசி, பயறு, மிளகாய், மல்லி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய் உள்ளிட்ட 13 பொருள்கள் மானிய விலையில் கேரள ரேஷன் அட்டைக்கு மட்டும், அளவு வைத்துத் தரப்படுகின்றன. 2024 மார்ச்சில் வந்த சபரி கே-ரைஸ், ஜெயா அரிசி கிலோ 29 ரூபாய்க்கும் மட்டை (கேரளச் சிவப்பு அரிசி), குறுவை 30 ரூபாய்க்கும் அட்டைக்கு மாதம் 5 கிலோ என்று கொடுக்கப்பட்டதும் அந்த வகைதான். உங்களிடம் தமிழ்நாட்டு அட்டை இருப்பதால் இவை கிடைக்காது. தேயிலை, மசாலா போன்ற மானியமில்லாத சபரி பொருள்களை யாரும் வாங்கலாம். அவற்றில் தேயிலையை நான் விரும்பி வாங்குகிறேன். பால் விட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வீடுகளுக்கு அந்தத் தூள் நன்றாகவே ஒத்துவரும்.

கேள்வி (மீனாட்சிபுரம்): மட்டை அரிசி 26 கிலோ மூட்டையாகவே ஏன் வருகிறது? கடை பிராண்டு 5 கிலோ பை வாங்கலாமா?

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான, பெயரச்சிட்ட அரிசிப் பைகளுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. அதைத் தவிர்க்கவே 26 கிலோ மூட்டை வந்தது. ஆகவே 5 கிலோ பையில் கடை பிராண்டானாலும் கம்பெனி பிராண்டானாலும் வரி உண்டு. பெரிய குடும்பமானால் மூட்டையே லாபம். கழுவும்போது தண்ணீர் லேசாகச் சிவப்பதைக் கண்டு பயப்படவேண்டாம். இரண்டு மூன்று முறை கழுவியதும் சிவப்பு முழுவதும் போய் வெள்ளை அரிசி தெரிந்தால்தான் சாயம் என்று சந்தேகப்படவேண்டும்.

கேள்வி (பொள்ளாச்சி): குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம்?

ஐஸ்கிரீம் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் குறைந்தது 10 விழுக்காடு பால்கொழுப்பு இருக்கவேண்டும். ஃப்ரோசன் டெசர்ட் என்று இருந்தால் அதில் தாவரக் கொழுப்பு. பெரிய கம்பெனிகளும் இரண்டாவது வகையை விற்கின்றன என்பதால், இங்கே விலையோ பிராண்டோ வழிகாட்டாது. அந்தச் சொல்தான் வழிகாட்டும்.

கேள்வி (வாளையார் எல்லை அருகே): பாலக்காட்டில் வாங்கிய கடை பிராண்டுப் பொருள் கெட்டிருந்தால், கோவை மாவட்டத்தில் வசிக்கும் நான் எங்கே போய்ச் சொல்வது?

முதலில் பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் உள்ள பேட்ச் எண்ணும் கடை ரசீதும்தான் உங்கள் சான்று. ரசீதுடன் போனால் பெரும்பாலான கடைகள் மாற்றிக் கொடுத்துவிடும். கடை மறுத்தாலோ, கலப்படம் என்று நீங்கள் கருதினாலோ, கடை அமைந்துள்ள மாவட்டத்தின், அதாவது பாலக்காட்டின், உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கவேண்டும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, சோதிக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் செய்யலாம். பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பிரித்த பாக்கெட்டுடன், அதே பேட்ச் எண் கொண்ட பிரிக்காத பாக்கெட் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தால், வீட்டில் வைத்திருந்ததால் கெட்டது என்று கடைக்காரர் சொல்ல இடமிருக்காது.