பழைய வால்வோ 240 டர்போ: பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது?

புது பேட்டரி போட்டும் இரண்டே நாளில் இறங்கிவிடுகிறது, சாவி திருப்பினால் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கும் எரிவதில்லை என்கிறீர்கள். அந்த விளக்குதான் முக்கியத் தடயம். ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) வாங்க அவசரப்படாதீர்கள்.

இந்த வண்டியில் ஆல்டர்னேட்டர் விழித்தெழத் தேவையான சிறு மின்சாரம் அந்த விளக்கின் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போயிருந்தாலோ, அதன் ஒயர் அறுந்திருந்தாலோ சார்ஜ் ஆகாது. ஆக்சிலரேட்டரை மிதித்து எஞ்சினை ஒருமுறை நன்றாக முறுக்கிய பின் சார்ஜ் ஏறத் தொடங்கினால், கோளாறு அங்கேதான்.

அடுத்து மல்டிமீட்டர். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.5க்குக் கீழேயே நின்றால் எர்த் ஒயரைப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் ரப்பர் புஷ்களில் தொங்குவதால் அதற்குத் தனி எர்த் ஒயர் உண்டு. அதிர்விலேயே அது அறுந்துபோகும். ஹெட்லைட்டைப் போட்டு, ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரை மாற்றிவிடுங்கள்.

அப்புறம், 80களில் வந்த வால்வோக்களின் எஞ்சின் ஒயரிங்கில் இன்சுலேஷன் (ஒயரின் மேலுறை) தானாகவே உதிரும். டர்போ சூடு அதை இன்னும் மோசமாக்கும். கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

இதெல்லாம் சரி என்றால் பெல்ட் இறுக்கம், பிறகு ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்). பாஷ் ஆல்டர்னேட்டரின் பின்னால் இரண்டு ஸ்குரூ கழற்றினால் ரெகுலேட்டர் பிரஷ்ஷோடு (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு) வெளியே வரும். பிரஷ் 5 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தால் அந்த ரெகுலேட்டரை மட்டும் மாற்றினால் போதும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு போய்விடும்.