சைக்கிளில் ரேடார் மாட்டினால் சிக்னலில் பாதுகாப்பா?

கேள்வி: தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். போன மாதம் சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்தில் நின்ற லாரி என்னை ஒட்டித் திரும்பியது, மயிரிழையில் தப்பினேன். சீட்டுக்கு அடியில் மாட்டும் ரேடார் வாங்கினால் இது நடக்காமல் இருக்குமா?

பதில்: உங்களுக்கு நடந்த இந்த விஷயத்தில் அது உதவாது. கார்மின் வாரியா போன்ற ரேடார்கள் பின்னால் 140 மீட்டர் தூரத்தில் வரும் வண்டியைக்கூடக் கண்டுபிடித்து 'பீப்' அடிக்கும். ஆனால் அவை பார்ப்பது வேக வித்தியாசத்தை. சிக்னலில் லாரி உங்கள் பக்கத்தில் நிற்கிறது, அல்லது உங்கள் வேகத்திலேயே ஊர்கிறது. வித்தியாசம் இல்லை, சத்தமும் இல்லை. குறுக்கே வரும் வண்டியோ அதன் பார்வையிலேயே விழாது. ரேடார் சும்மா இருக்கிறதே என்று நம்பிவிடுவதுதான் எனக்குப் பயம்.

லாரி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குக் கேபினை ஒட்டிய ஓரப் பக்கம் சரியாகத் தெரியாது. ஆகவே எச்சரிக்கை ஒலிக்க வேண்டிய இடம் அவருடைய காது. ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது: 2024 ஜூலையிலிருந்து அங்கே பதிவாகும் புது லாரி, பஸ் எல்லாவற்றிலும் பக்கவாட்டில் வரும் சைக்கிளைக் கண்டறியும் கருவி இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய லாரிகள் இன்னும் பல வருஷம் ஓடும். மலிவான சென்சார்களோ கம்பத்தைப் பார்த்தாலும் கத்தும். நாலு நாளில் ஓட்டுநருக்கு அது காதிலேயே விழாது.

போன் ஆப்பில் எச்சரிக்கை தரும் முறைகளும் உண்டு. உங்கள் போன், ஓட்டுநர் போன் இரண்டிலும் அது இருந்தால்தான் வேலை செய்யும். தவிர, போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். சந்திப்பில் சில மீட்டர் என்பது ஒரு லேன்!

இன்னொரு கணக்கு. மணிக்கு 18 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 5 மீட்டர் நகர்கிறீர்கள். சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்த 5 மீட்டர் போய்விடும். எனவே, சந்திப்புக்குள் நுழைவதற்கு முன்பே இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். நிற்கும் லாரியின் ஓரப் பக்கமாக முன்னேறாதீர்கள், எவ்வளவு இடைவெளி இருந்தாலும் சரி. அதன் பின்னாலேயே நில்லுங்கள். அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. முகம் தெரிந்தாலும் அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஊருக்கு வெளியே நீண்ட சாலைகளில் ஓட்டுவீர்கள் என்றால் ரேடார் வாங்குங்கள், அங்கே அது அருமையான துணை. சிக்னலுக்காக மட்டும் என்றால் பகலிலும் பளிச்சென்று தெரியும் முன்விளக்கு ஒன்று போதும். எதிரிலிருந்து குறுக்கே திரும்புகிறவர் கண்ணில் படுவது அதுதான்.