இத்தாலியில் நாமே கார் ஓட்டி ஊர் சுற்றலாமா?

கேள்வி: நானும் மனைவியும் ஐம்பதைத் தாண்டியவர்கள், கோவையில் இருக்கிறோம். செப்டம்பர் கடைசியில் பத்து இரவுகள் இத்தாலி போகிறோம். ரோமில் இறங்கியதும் விமான நிலையத்திலேயே கார் எடுத்து அமால்ஃபி, சியெனா, ஃப்ளோரன்ஸ், வெனிஸ் என்று சுற்றிவிட்டு ரோமுக்கே திரும்ப எண்ணம். இருவரும் நன்றாக ஓட்டுவோம். வெளிநாட்டில் மட்டும் ஓட்டியதில்லை. அபராதம் வந்து குவியும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். நாங்கள் சைவம். திட்டம் சரிவருமா?

பதில்: கார் எடுங்கள், நல்ல யோசனைதான். ஆனால் பத்து இரவுக்கும் வேண்டாம். நடுவில் ஐந்து இரவுக்கு எடுத்தால் போதும்.

ரோமுக்குள் கார் வைத்திருப்பது காசைக் கரைக்கும் வேலை. பார்க்க வேண்டியவற்றில் பாதி நடக்கிற தூரத்தில் இருக்கிறது, மீதிக்கு மெட்ரோவும் பஸ்ஸும் உண்டு. வெனிஸில் கார் ஓடும் தெருவே கிடையாது. பியாத்ஸாலே ரோமா என்ற இடத்தோடு சாலை முடிந்துவிடும். அங்கே பல மாடி நிறுத்தத்தில் காரைப் பூட்டிவிட்டுப் படகு ஏறத்தான் வேண்டும். அமால்ஃபி கடற்கரைச் சாலை படத்தில் பார்க்க அழகு. ஓட்டுகிறவர் கண்ணுக்குக் கடல் தெரியாது, வளைவில் எதிரே வரும் பஸ்தான் தெரியும். போதாக்குறைக்கு, சீசன் நாட்களில் நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துத்தான் வண்டியை விடுகிறார்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டி முதன்முதலாகப் பழகுகிறவர் போகிற இடம் அதுவல்ல. அமால்ஃபியை இந்த முறை விட்டுவிடுங்கள்.

உங்களுக்குக் கார் உண்மையிலேயே உதவும் இடம் ரோமுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் நடுவே இருக்கிறது: உம்ப்ரியாவின் மேற்கு ஓரமும் டஸ்கனியின் தென்பகுதியும். அங்கே ஊர்கள் குன்றின் உச்சியில் இருக்கும். ரயில் அடிவாரத்தோடு நின்றுவிடும், பல ஊர்களுக்கு ரயிலே கிடையாது. பஸ் எப்போதாவது வரும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் குறைவு.

நானாக இருந்தால் இப்படிப் போடுவேன். ரோமில் மூன்று இரவு, கார் இல்லாமல். நாலாம் நாள் காலை ரயிலில் ஓர்வியெத்தோ. ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக் கார் அலுவலகம் உண்டு. சின்ன ஊர் அலுவலகங்களை மதியம் சாத்திவிடுவார்கள், ஞாயிறு திறப்பதே சந்தேகம். ஆகவே வேலைநாள் காலையில் போய்ச் சேரும்படி தேதியை அமையுங்கள். ரோம் நெரிசலுக்குள் நுழையாமல், அகலமான சாலையில், அவசரமில்லாமல் பழகலாம் என்பதே இதில் பெரிய லாபம்.

ஓர்வியெத்தோவில் ஒரு இரவு. தேவாலய முகப்பை எல்லோரும் பார்ப்பார்கள். சான் பத்ரீத்ஸியோ கிணற்றை விட்டுவிடாதீர்கள். 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி வந்த போப் ஏழாம் கிளமெண்ட், ஊர் முற்றுகையில் சிக்கினால் தண்ணீர் வேண்டுமே என்று வெட்டச் சொன்னது. 53 மீட்டர் ஆழம், 248 படிகள். இறங்க ஒரு சுருள் பாதை, ஏற இன்னொன்று; இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தண்ணீர் சுமக்கும் கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஓர்வியெத்தோவிலிருந்து அரை மணி கார் தூரத்தில் சிவிதா தி பாஞ்ஞோரேஜோ இருக்கிறது. அரித்துக் கரைந்துகொண்டிருக்கும் பாறை மேல் ஊர், நடைபாலம் மட்டுமே வழி, நுழைவுக் கட்டணம் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள்.

அடுத்த மூன்று இரவு பியென்ஸா பக்கம், வால் தோர்ச்சா பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை விடுதியில். அக்ரிதுரிஸ்மோ என்று தேடுங்கள். காரை வாசலிலேயே நிறுத்தலாம், பக்கத்து ஊர்களுக்குப் பகலில் போய் இரவு திரும்பலாம். மோந்தெபுல்சியானோ கால் மணி, மொந்தால்சினோ சற்றே தள்ளி, சியெனா ஒரு மணி நேரம். பியென்ஸாவே ஒரு வேடிக்கை: அங்கே பிறந்த போப் இரண்டாம் பயஸ், 1459-இல் பெர்னார்தோ ரொஸ்ஸெல்லீனோ என்ற கட்டடக் கலைஞரை அழைத்துத் தன் கிராமத்தைக் குட்டி நகரமாகவே மாற்றிக் கட்டவைத்தார். அரை மணியில் சுற்றிவிடலாம், ஆனால் சாயங்காலம் மதில் ஓரம் நின்றால் கிளம்ப மனம் வராது. அப்புறம் ஒரு இரவு வோல்தெர்ரா, போகிற வழியில் சான் ஜிமிஞ்ஞானோ. மறுநாள் ஃப்ளோரன்ஸ் விமான நிலையத்தில் காரை ஒப்படைத்துவிட்டு டிராமில் ஊருக்குள் வாருங்கள். மிச்சமுள்ள இரண்டு இரவு அங்கே. வெனிஸ் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஃப்ளோரன்ஸிலிருந்து விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஒரு பகல் போய் வரலாம். ரோமுக்குத் திரும்ப ரயிலில் ஒன்றரை மணி நேரம்.

சரி, அபராதத்துக்கு வருவோம். நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. பழைய ஊர்களின் உள்வட்டத்துக்கு இசட்.டி.எல். என்று பெயர். அனுமதி உள்ள வண்டி மட்டும் போகலாம். தடுப்புக் கம்பமோ காவலரோ பெரும்பாலும் இருக்காது. சிவப்பு வளையத்துக்குள் வெள்ளை வட்டம் போட்ட ஒரு பலகை, கீழே நேரம், மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். சில ஊர்களில் மின்பலகை 'வார்கோ அத்தீவோ' என்று ஒளிரும். கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்று பொருள். 'நோன் அத்தீவோ' என்றிருந்தால் அப்போது போகலாம். நுழைந்துவிட்டோமே என்று உடனே திரும்பினாலும் படம் எடுத்தது எடுத்ததுதான். அபராதம் 83 யூரோவில் தொடங்கும், அனுப்பும் செலவு தனி.

மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் துணிந்து நுழைந்தவர்கள் இல்லை. ஃபோன் வரைபடத்தில் ஓட்டலின் பெயரைப் போட்டு, அது காட்டிய வழியே போனவர்கள். அதனால் ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வரைபடத்தில் ஊர் பெயரையோ ஓட்டல் பெயரையோ போடாதீர்கள், மதிலுக்கு வெளியே உள்ள கார் நிறுத்தத்தின் பெயரைப் போடுங்கள். ஓர்வியெத்தோவுக்கு காம்போ தெல்லா ஃபியெரா. அங்கிருந்து நகரும் படிக்கட்டும் லிஃப்டும் ஊருக்குள் கொண்டுபோய் விடும். சியெனாவுக்கு சாந்தா கத்தெரீனா, அதற்கும் நகரும் படிக்கட்டு உண்டு. சான் ஜிமிஞ்ஞானோவுக்கு ஜுபிலேயோ. சற்றுக் கீழே, ஆனால் விலை குறைவு. வோல்தெர்ராவில் பியாத்ஸா மார்த்திரி தெல்லா லிபெர்த்தா அடியில் நிலத்தடி நிறுத்தம். இவற்றைக் கோவையில் இருக்கும்போதே வரைபடத்தில் குறித்து வையுங்கள். சாலையில் கறுப்பு வட்டத்துக்குள் புள்ளி வைத்த, இலக்குப் பலகை மாதிரியான குறி 'ஊர் நடுவம்' நோக்கி இழுக்கும். அதைப் பின்தொடராமல் நீலத்தில் 'பி' எழுதிய பலகையைத் தேடுங்கள்.

ஓட்டல் மதிலுக்குள் இருந்தால், வண்டி எண்ணை நகராட்சிக்குப் பதிவு செய்து தருவீர்களா, எந்த வாசலில் நுழைய வேண்டும், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள். 'வாங்க, ஒன்றும் ஆகாது' என்று வாய்ச்சொல் சொன்னால் நம்ப வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

சாலையோரத்தில் நிறுத்தினால் கோட்டின் நிறத்தைப் பாருங்கள். நீலம் கட்டணம், வெள்ளை இலவசம், மஞ்சள் நமக்கில்லை. வெள்ளையிலும் நேர வரம்பு இருக்கலாம். பலகையில் கடிகாரப் படம் இருந்தால், காரில் இருக்கும் அட்டை வட்டில் வந்த நேரத்தைத் திருப்பி வைத்துக் கண்ணாடி ஓரம் தெரியும்படி வையுங்கள்.

இனி வலப்பக்க ஓட்டம். நேரான சாலையில் ஒன்றும் தெரியாது, முன்னே போகிற வண்டி வழிகாட்டிவிடும். ஆபத்து வெறிச்சோடிய நேரத்தில்தான்: காலையில் பண்ணை வாசலிலிருந்து முதலில் வெளியே வரும்போது, பெட்ரோல் பங்கிலிருந்து திரும்பும்போது. கை பழைய ஞாபகத்தில் இடப்பக்கம் திருப்பிவிடும். அந்த நொடியில் பக்கத்தில் இருப்பவர் 'வலது' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது. இண்டிகேட்டர் இடக்கைப் பக்கம் இருக்கும், நாம் பழகியதற்கு நேர்மாறு. ஆகவே முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஓடும், சிரித்துவிட்டுப் போங்கள். அதைவிட முக்கியம், நாம் இடப்பக்கம் உட்காருவதால் வண்டியின் வலப்பக்கம் எங்கே முடிகிறது என்பது கணக்கில் வராது. வலப்பக்கச் சக்கர வளையம் நடைபாதைக் கல்லில் உரசுவது இப்படித்தான். கொஞ்சம் சின்ன வண்டியாகவே எடுங்கள். ஃபியட் பாண்டா அளவு இருவருக்குப் போதும், சந்துகளில் உயிர் காக்கும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்னதாகவே பதியுங்கள், இத்தாலியில் அது குறைவு. முதன்முறை வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள் இடக்கையால் கியரைத் தேடிக் கதவில் இடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் நான் சொல்வேன்.

ரவுண்டானாவில் வண்டிகள் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். நுழையும்போது இடப்பக்கம் பாருங்கள், உள்ளே இருப்பவருக்கு வழி விடுங்கள். ஊருக்குள் 50, சாதாரண வெளிச்சாலையில் 90, ஆட்டோஸ்ட்ராடா என்ற கட்டண விரைவுச்சாலையில் 130, மழை பெய்தால் 110. கேமரா நிறைய. ஊருக்கு வெளியே பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டு பதற வேண்டாம், இடம் கிடைத்ததும் ஒதுங்கி விட்டுவிடுங்கள். மொந்தால்சினோ, மோந்தெபுல்சியானோ இரண்டுமே ஒயினுக்குப் பேர்போனவை. ருசி பார்க்கிற நாளில் யார் ஓட்டுவது என்று காலையிலேயே முடிவு செய்யுங்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை.

காகிதங்கள். நம் லைசென்ஸ் மட்டும் போதாது. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இருவருக்கும் வேண்டும். பரிவாஹன் தளம் வழியாக விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம், 1,000 ரூபாய் கட்டணம், ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸையும் கூடவே வையுங்கள். இருவரும் ஓட்டுவதாக இருந்தால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயரில்லாதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு கைவிரித்துவிடும். வைப்புத்தொகைக்கு முதல் ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே இருக்கும், செயலியில் இயக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

காப்பீட்டில் 'எல்லாம் அடங்கும்' என்பார்கள். விபத்தானால் நாம் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று கேளுங்கள். ஆயிரம் யூரோவைத் தாண்டுவது சகஜம். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் அதில் வராது. வால் தோர்ச்சாவில் பல பண்ணைகளுக்குக் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் சரளைக்கல் சாலைதான், ஆகவே இது உங்களுக்கு வெறும் காகித விஷயமில்லை. சாவி வாங்கியதும் வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள், சக்கர வளையங்களையும் சேர்த்து.

ஆட்டோஸ்ட்ராடா பலகை பச்சை, மற்ற நெடுஞ்சாலை நீலம். நுழையும்போது சீட்டு, வெளியேறும்போது காசு. சீட்டைத் தொலைத்தால் மிகத் தொலைவிலிருந்து வந்ததாகக் கணக்கிடுவார்கள். டெலிபாஸ் என்று மட்டும் எழுதிய மஞ்சள் வழி, தானாகக் கட்டணம் கழிக்கும் கருவி வைத்த வண்டிகளுக்கு; அதில் போகாதீர்கள். தவறிப் போய்விட்டால் பின்னால் எடுக்காதீர்கள், உதவிப் பொத்தானை அழுத்துங்கள். சியெனா - ஃப்ளோரன்ஸ் விரைவுச்சாலைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் குறுகலானது. பெட்ரோல் பங்கில் 'பென்ஸீனா' பெட்ரோல், 'காசோலியோ' டீசல். இதில் ஏமாந்தவர்கள் உண்டு. ஆள் வந்து நிரப்பும் பம்பில் விலை கூடுதல். மதியம் ஆளிருக்காது, இயந்திரத்தில் முன்பணம். கார்டில் நூறு யூரோ பிடித்துவைத்துவிட்டு மிச்சத்தைப் பின்னர் விடுவிக்கும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், நேரத்துக்குத்தான் கவலை. மதியம் இரண்டரைக்கு மேல் சமையலறை மூடிவிடும், இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். காரில் ரொட்டியும் பழமும் எப்போதும் இருக்கட்டும். தடிமனான கையுருட்டு நூடுல்ஸ் மாதிரியான 'பீச்சி'யைப் பூண்டு தக்காளிச் சாறில் கேளுங்கள். ரிபொல்லீத்தா என்ற அவரை, கீரை, ரொட்டிச் சூப்பும் நன்றாயிருக்கும், சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்டிப்பான சைவம் என்றால் பெக்கொரீனோ பாலாடைக்கட்டியை விலக்குங்கள், வழக்கமாக ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் இரைப்பை உறைமோர் போட்டே செய்வது.

பெட்டிகளோடு வண்டியை நிறுத்திவிட்டு ஊர் சுற்றும் நாளைத் தவிருங்கள். அதனால்தான் சியெனாவைப் பண்ணையிலிருந்து போய்வரும் நாளாக வைத்தேன். சான் ஜிமிஞ்ஞானோவில் மட்டும் தவிர்க்க முடியாது. அங்கே பெட்டிகள் டிக்கிக்குள் மறைந்திருக்கட்டும், இருக்கையில் ஒரு பையும் தெரியக் கூடாது.

ஒப்படைக்கும் நாளில் பக்கத்துப் பங்கில் நிரப்பிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி ஒரு வீடியோ. ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து வாடகை நிறுவனம் கார்டில் நாற்பது ஐம்பது யூரோ எடுத்ததாகக் குறுஞ்செய்தி வந்தால், அது அபராதம் ஆகாது. உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணம். அபராதச் சீட்டு தனியே தபாலில் வரும், ஒரு வருடம்கூட ஆகலாம். வந்ததும் வண்டி எண், தேதி, இடம் மூன்றையும் உங்கள் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் ஐந்து நாளுக்குள் கட்டுங்கள், முப்பது சதவீதம் குறையும்.